செஞ்சிக் கோட்டை: ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் ஒரு நாள் காணுமா?

உவர்மலை வாசி:
திருகோணமலையில இருந்து நாலு பேர் தை மாதம் திருவண்ணாமலைக்குப் போறோம். இடையில ஒரு நாள் செஞ்சிக்கு. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் நோ இருக்கு. இரண்டு மலையும் ஏறலாமா? டிக்கெட் வெளிநாட்டார் விலையா?

கடற்கரை வீதி:
இலங்கை சார்க் நாடு. அதனால 300 இல்ல, இந்தியருக்குரிய 25 ரூபாதான். ஆனா பாஸ்போர்ட் காட்டணும், மறந்திடாதீங்க. டிக்கெட்டை எறியவும் வேணாம், கிருஷ்ணகிரி வாசலில கேட்பாங்க.

திருவண்ணாமலையில இருந்து திண்டிவனம் போற சாதாரண பஸ்ஸில ஏறுங்க. கோட்டை, செஞ்சி ஊருக்கு முந்தியே வந்திடும். கண்டக்டரிடம் முதலே சொல்லி வைக்காட்டி பஸ் நிலையம் வரைக்கும் போய் ஓட்டோ பிடிச்சுத் திரும்பி வரணும்.

போயா (பௌர்ணமி) லீவை வச்சுப் பயணம் போடுறது எங்கட பழக்கம். இதுக்கு மட்டும் வேணாம். பௌர்ணமியில கிரிவலக் கூட்டம், பஸ்ஸில கால் வைக்க இடமிராது.

மூதூரான்:
காலை 9 மணிக்குத் திறந்ததும் ராஜகிரியில தொடங்குங்க. பிற்பகல் 3 மணிக்குப் பிறகு அதில ஏற விடமாட்டாங்க. உயரம் 800 அடி, எங்கட கோணேசர் மலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. படி ஒரே அளவில்ல. ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். ஏறுறதைவிட இறங்கத்தான் முழங்கால் வாங்கும். செருப்பு வேணாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்க.

மேலே கடை இல்ல. ஆளுக்கு 2 லீட்டர் தண்ணி. அதைச் சொப்பிங் பையில தூக்கினா முடிஞ்சுது. சரசரப்புக் கேட்டாலே குரங்கு பாயும். முதுகுப் பைக்குள்ள வச்சு சிப்பை மூடுங்க.

உச்சிக்குச் சற்று முன்னால பாறை பிளந்து ஒரு பள்ளம், மேலே சின்னப் பாலம். பாலத்தை எடுத்திட்டா ஒரு சிலர் நின்றே வழியை மறிக்கலாம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது ஏனென்று அந்த இடத்தில நின்றா விளங்கும். உச்சியில ரங்கநாதர் கோயில். நாலு பக்கமும் உருண்டைப் பாறைக் குன்றுகள், அதுகளைச் சுற்றி ஓடுற மதில்.

கடற்கரை வீதி:
அம்மாவைக் கீழேயே விடுங்க. கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்தில. பாண்டிச்சேரி காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்கள் செஞ்சியில இருந்து போனதென்று சொல்வாங்க. எங்கட ஊர்க் கோணேசர் கோயில் கல்லு பிரட்ரிக் கோட்டை கட்டப் போன கதைதான்.

உவர்மலை வாசி:
அப்ப கிருஷ்ணகிரி?

மூதூரான்:
உயரம் குறைவு. ராஜகிரியால 12 மணிக்குள்ள இறங்கினா, சாப்பிட்டு வெயில் சாய்ஞ்ச பிறகு ஏறலாம். 5 மணிக்கு மூடிடுவாங்க. முதல் நாள் மழை பெய்திருந்தா பாறை வழுக்கும், ஒன்றோட நிறுத்துங்க.