கோம்பைக்குக் கருப்பு நகம், எவ்வளவு வெட்டுவது? ஒரு தடவை ரத்தம் பார்த்ததில் கை நடுங்குகிறது

நாலாவதுமாடி:
வணக்கம். எங்கள் வீட்டில் கோம்பை நாய் ஒன்று இருக்கிறது, மூன்று வயது, பெயர் மருது. போன வருடம் வரை பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் தோப்பில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தவன், இப்போது கோயம்புத்தூரில் எங்களோடு நாலாவது மாடி ஃபிளாட்டில். காலையும் மாலையும் அரைமணி நேரம் கீழே கூட்டிப் போகிறோம், அதுவும் பாதி நேரம் புல்தரைதான். நகம் விறுவிறுவென்று வளர்ந்து, ராத்திரி அவன் தண்ணீர் குடிக்க எழுந்து நடந்தால் டைல்ஸில் டக் டக் என்று சத்தம், கீழ்வீட்டுக்காரர் லிஃப்டில் பார்த்து விசாரிக்கிறார்.

போன ஞாயிறு வீட்டுக்காரர் நாம் வெட்டிக்கொள்ளும் பெரிய நெயில் கட்டரை எடுத்து உட்கார்ந்தார். மூன்றாவது நகத்தில் ஆழமாகப் போய்விட்டது. மருது அலறிய அலறலில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, ஹால் முழுக்க ரத்தப் புள்ளி. அத்தை மஞ்சள்தூளை அள்ளி வைத்தார், அதை நக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தான். இப்போது அந்த டிராயரைத் திறந்தாலே ஆளைக் காணோம்.

எல்லா நகமும் கரிக்கட்டை மாதிரி கருப்பு. எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? மறுபடி ரத்தம் வந்தால் என்ன வைப்பது? முதலில் அவன் காலைத் தொட விடுவானா? வீட்டில் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைவால்:
சகோதரி, முதலில் அந்த நெயில் கட்டரைத் தூக்கி வையுங்கள். நம் நகம் தட்டை, நாய் நகம் உருண்டை. தட்டையான கட்டர் அதை ரெண்டு பக்கமும் நசுக்கித்தான் வெட்டும், சதையைத் தொடாவிட்டாலும் அந்த நசுக்கலே வலி, நகம் பிளந்தும் போகும். குட்டிக்குப் பரவாயில்லை, மூன்று வயது கோம்பைக்கு ஆகாது. கத்தரி மாதிரி, வாய் வளைந்த கிளிப்பர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மொக்கையாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும், மொக்கைக் கத்தியும் நசுக்கத்தான் செய்யும்.

எங்களிடம் இப்போது இருப்பது ராஜபாளையம், வெளுத்த நகம், உள்ளே ரோஸ் நிறம் அப்படியே தெரியும், அதற்கு ரெண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தினால் கதை முடிந்தது. அதற்கு முன்னால் இருந்தது சிப்பிப்பாறை, கருப்பு நகம், பத்து வருடம் நானே வெட்டினேன், அதனால் சொல்கிறேன். காலை முன்பக்கம் இழுத்துப் பிடிக்காதீர்கள். குதிரைக்கு லாடம் அடிப்பவர் மடக்குவாரே, அப்படிப் பின்பக்கமாக மடக்கி உள்ளங்கால் மேலே தெரிகிற மாதிரி பிடியுங்கள். இப்போது நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நுனியில் ஒரு பள்ளம், வாய்க்கால் மாதிரி ஓடும். அந்தப் பள்ளம் இருக்கும் வரை உள்ளே வெறும் ஓடுதான். எங்கே பள்ளம் தூர்ந்து நகம் நிறைந்தாற்போல் ஆகிறதோ அங்கிருந்து உயிருள்ள சதையும் ரத்தக்குழாயும் நரம்பும் ஆரம்பம்.

அப்புறம் ஒரே வெட்டாகப் போடாதீர்கள். வெங்காயம் நறுக்குகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டின முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு மாதிரி வறண்டு வெளுப்பாக இருக்கும். சதையை நெருங்க நெருங்க நடுவில் கருமையாக ஒரு புள்ளி ஈரப்பசையோடு வரும். அந்தப் புள்ளி வந்ததா, கிளிப்பரைக் கீழே வைத்துவிடுங்கள், இன்னும் ஒரே ஒரு சீவல் என்று கை பரபரக்கும், அங்கேதான் எல்லோரும் மாட்டுவோம்.

இன்னொன்று. நகம் ரொம்ப நாள் நீண்டு கிடந்தால் உள்ளே இருக்கும் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு தடவை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் சதை மெல்லப் பின்வாங்கும். எங்களுக்கு ரெண்டு மாதத்துக்கு மேலேயே ஆனது.

தோட்டத்துக்காரன்:
தப்பாக நினைக்காதீர்கள். கோம்பை, கன்னி எல்லாம் நாம் ஷாம்பு போட்டு நகம் வெட்டவா இருக்கிற சாதி? எங்கள் தோட்டத்தில் நாலு நாட்டு நாய், ஒன்றுக்கும் இதுவரை நகம் வெட்டியதில்லை, ஓட்டத்திலும் மண் தோண்டுவதிலும் தானாகத் தேய்ந்துவிடும். நாலாவது மாடியில் அடைத்து வைத்துவிட்டு நகம் வளருது என்றால் என்ன சொல்ல. தினமும் ஒரு மணி நேரம் தார் ரோட்டிலோ சிமெண்ட் தரையிலோ நடத்துங்கள், கிளிப்பரே வேண்டாம்.

ரெண்டுநாய்க்காரி:
தோட்டத்துக்காரரே, நடை பற்றிச் சொன்னது பாதி சரி. (கோயம்புத்தூர் வெயிலில் எந்த நேரத்தில் தார் ரோடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், புறங்கையை ஐந்தாறு விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது.) ஆனால் உங்கள் நாலு நாயின் முன்னங்காலையும் இன்று சாயங்காலம் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் கொஞ்சம் மேலே கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் தனியாகத் தொங்கும். அது தரையைத் தொடாது. எத்தனை மைல் ஓடினாலும் அது சரியாகத் தேயாது. எங்கள் கிழவி ஜூலி தெருவிலிருந்து வந்தவள், நன்றாக ஓடியாடித் திரிந்தவள்தான், பன்னிரண்டு வயதில் லேசாக நொண்டினாள். வயசாகிவிட்டது, மூட்டுவலி என்று நானே முடிவு கட்டி ஒரு மாதம் ஓட்டினேன். டாக்டர் முடியை விலக்கிக் காட்டினார், அந்த நகம் வட்டமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிச் சீழ் வைத்திருந்தது. இன்றைக்கும் நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது.

சிஸ்டர், மருது விஷயத்துக்கு வருகிறேன். முதல் பத்து நாள் ஒரு நகத்தைக்கூட வெட்டாதீர்கள். சோறு போடும் நேரத்தில் தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழே வந்து பாதத்தை ஒரு விநாடி பிடித்து விடுங்கள், உடனே ஒரு துண்டு அவித்த கோழி. காலை உருவிக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். பிறகு கிளிப்பரைத் தரையில் சும்மா போட்டு வையுங்கள், அவனே வந்து மோந்து பார்த்தால் அதற்கும் ஒரு துண்டு. வெட்டும் சத்தத்துக்குப் பயந்தால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குமாற்று ஈர்க்குச்சியை டிக் டிக்கென்று வெட்டுங்கள், ஒவ்வொரு டிக்குக்கும் கோழி. என் சின்னவன் இப்போது ஈர்க்குச்சியைப் பார்த்தாலே வாலாட்டுகிறான்.

வெட்டுகிற அன்று தட்டு நிறையக் கெட்டித் தயிர் தடவி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். அவன் நக்கி முடிப்பதற்குள் ஒரு நகம். ஒன்றே ஒன்று. மொத்தம் பதினெட்டு நகம், நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று, அதற்குள் முதல் நகம் மறுபடி தயாராகிவிடும். கடலை வெண்ணெய் வைக்கிறவர்களும் உண்டு, வைத்தால் டப்பாவில் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அந்தச் சர்க்கரை மாற்று நாய்க்கு விஷம்.

ஊசிமருந்து:
நான் டாக்டர் இல்லை, ஒரு பெட் கிளினிக்கில் உதவியாளர் வேலை, ஏழு வருடமாக நாய் பிடிப்பதுதான் பிழைப்பு. ரத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நகத்தில் வரும் ரத்தம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், நாய்க்கு ஆபத்தில்லை. ஸ்டிப்டிக் பவுடர் என்று கேட்டால் பெட் கடையில் கொடுப்பார்கள், ஒரு சிட்டிகை எடுத்து நுனியில் அழுத்திப் பிடித்தால் போதும். சலூனில் ஷேவிங்குக்குப் பிறகு தேய்ப்பார்களே படிகாரம், அதுவும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் எரியும் அவ்வளவுதான், நக்க விடாதீர்கள். ஒன்றுமே இல்லையா, சோளமாவு அல்லது மைதாவை வைத்து, சுத்தமான துணியால் மூன்று நான்கு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். மஞ்சளால் டைல்ஸ்தான் மஞ்சளாகும். காப்பித்தூள் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், நாய் அதை நக்கும், காஃபின் அதற்கு ஆகாது. அரைமணி நேரம் தாண்டியும் கசிந்தால், அல்லது நகம் வேரோடு கிழிந்திருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள், புரூஃபென் எல்லாம் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துவிடும். தூங்க வைத்து வெட்டலாம் என்று நம் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட்டு அலறி அடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. உண்மையிலேயே பிடிக்க முடியாத நாய் என்றால் டாக்டரே எடைக்குத் தகுந்த மாதிரி மருந்து எழுதிக் கொடுப்பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்களிடம் வரும் பெரிய நாய்களில் சிலவற்றுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கவே கூடாது. முழங்காலைப் போட்டு அமுக்கினால் இந்தத் தடவை வெட்டிவிடலாம், அடுத்த தடவை கடிக்கும். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

நாலாவதுமாடி:
எல்லோருக்கும் நன்றி. அந்தக் கட்டைவிரல் நகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், பாதி வட்டம் போட்டிருக்கிறது, நல்லவேளை சதையைத் தொடவில்லை. மெஷின் வைத்துத் தேய்க்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

வெள்ளைவால்:
நானும் வைத்திருக்கிறேன். கருப்பு நகத்துக்கு நல்லதுதான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும், ஓரமும் மழமழவென்று ஆகிவிடும். ஆனால் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் சூடேறும், ரெண்டு விநாடி தொடு, எடு, தொடு, எடு. பொசுபொசுவென்று முடி உள்ள நாய் என்றால் முடி சுற்றிக்கொள்ளும், கோம்பைக்கு அந்தக் கவலை இல்லை. கிர்ரென்ற சத்தத்துக்குப் பழக்க ரெண்டுநாய்க்காரி சொன்ன ஈர்க்குச்சி வித்தையை அப்படியே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூக்கை மூடிக்கொண்டு பால்கனியில் செய்யுங்கள், அந்தத் தூளின் நாற்றம், அடடா.

தோட்டத்துக்காரன்:
நேற்று சாயங்காலம் நாலையும் பிடித்துப் பார்த்தேன். மூன்று சரியாக இருக்கிறது. ஒரு பொட்டைக்கு அந்த நகம் நன்றாக வளைந்துவிட்டது. அந்தக் கிளிப்பர் என்ன அளவு வாங்க வேண்டும்?

நாலாவதுமாடி:
பதினேழு நாள் கழித்து வருகிறேன். பத்து நாளும் கோழி மட்டும்தான், வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், எனக்கு யாரும் இப்படி அவித்துத் தருவதில்லை என்று. பதினோராம் நாள் தயிர்த் தட்டோடு உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சீவல், ஒன்றே ஒன்று. மருது தலையைக்கூடத் தூக்கவில்லை. இன்றோடு ஆறு நகம். புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன். நேற்று ஒன்றில் புள்ளியா அழுக்கா என்று சந்தேகம் வந்தது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ரத்தம் வந்த அந்த மூன்றாவது நகத்தை மட்டும் இன்னும் தொட விடவில்லை, அந்தக் காலைத் தூக்கினாலே தயிரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். அது கடைசியில்.