திடீர்னு 14 பேர் வந்தா அடுப்புல என்ன ஏத்துவீங்க? ராமநாதபுரம் கடற்கரை வீட்டுச் சமையல் அனுபவங்கள்

மண்டபம் மருமகள்

கல்யாணமாகி மண்டபம் வந்து 9 வருஷம் ஆகுது. பிறந்த வீடு மதுரைப் பக்கம், அங்க மீன்னா ஞாயித்துக்கிழமை சமாச்சாரம். இங்க செவ்வாய், வெள்ளி தவிர தினம் மீன்தான். அதனால கவிச்சி இல்லாம கூட்டத்துக்குச் சமைக்கணும்னா கை ஓடாது. அப்படி ஒரு சாயங்காலத்தைத்தான் எழுதுறேன், நீங்களும் உங்க வீட்டுல நடந்ததை எழுதுங்க.

போன தை அமாவாசைக்கு முதல் நாள். வேலை முடிஞ்சு வர்ற வழியில அரைக் கிலோ ஊளி மீன் வாங்கிட்டு வந்து, அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்காருறேன், போன் அடிக்குது. மாமனாரோட தம்பி குடும்பம், அவங்க சம்பந்தி வீட்டார் எல்லாம் சேர்த்து 14 பேர். வேன் பரமக்குடியைத் தாண்டிருச்சாம். ராத்திரி நம்ம வீட்டுல தங்கிட்டு விடியக்காலம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் போகணும்னு ஏற்பாடு. மணி 6. மறுநாள் தர்ப்பணம் குடுக்கிறவங்க, கவிச்சி வாடையே ஆகாது.

அத்தை பதறவே இல்ல. "மீனைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, கொல்லையில முருங்கைக்காய் பறி. சொதி வைப்போம்"னாங்க. எனக்குச் சொதின்னா மீன் போட்டதுதான் தெரியும். மீன் இல்லாத சொதியா சோத்துக்கு நிக்கும்னு எனக்கு நம்பிக்கையே இல்ல.

3 தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைச்சு, முதல் பாலைத் தனியா எடுத்து வச்சோம். ரெண்டாம் பால், மூணாம் பால் ரெண்டையும் அகலமான பாத்திரத்துல ஊத்தி, சின்ன வெங்காயம் கால் கிலோ, கீறின பச்சை மிளகாய் 15, ஒரு விரல் நீள இஞ்சி, அரை ஸ்பூன் வெந்தயம், மஞ்சத்தூள், கறிவேப்பிலை போட்டுக் கொதிக்க விட்டாச்சு. அதுல ஒரு கிலோ உருளைக்கிழங்கு, 10 முருங்கைக்காய். காய் வெந்ததும் உப்பு, வேகவச்ச பாசிப்பருப்பு ரெண்டு கை. ஆள் கூடினா தேங்காயைக் கூட்டாதே, பருப்பைக் கூட்டுங்கிறது அத்தை கணக்கு.

முதல் பாலை ஊத்தினதும் கரண்டியை என் கையில இருந்து வாங்கிட்டாங்க. பாத்திரத்தோட காது ரெண்டையும் துணியால பிடிச்சு, மெதுவா இடமிருந்து வலமா ஒரு சுத்து. அவ்வளவுதான், கிண்டவே இல்ல. 40 வருஷமா மீன் உடையாமப் பார்த்துப் பழகின கை அது. உருளைக்கிழங்குக்கும் அதே பதவிசு. ஓரத்துல நுரை கட்டி லேசா நடுங்கும்போதே இறக்கி வச்சு, ஒரு நிமிஷம் விட்டுத்தான் 3 எலுமிச்சம்பழம் பிழிஞ்சாங்க. தேங்காயெண்ணெயில வெங்காயம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினதும் தெரு முனை வரைக்கும் மணம்.

ரெண்டரைக் கிலோ அரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம், பழைய நார்த்தங்காய் ஊறுகாய். வேன் வந்து நின்னப்போ மணி எட்டு இருக்கும், எல்லாம் தயார். சம்பந்தியம்மா ரெண்டாவது தடவை சொதி வாங்கிட்டு, "இது திருநெல்வேலி மாப்பிள்ளைச் சொதியா?"ன்னு கேட்டாங்க. அத்தை, "இல்ல மதினி, எங்க மீன் சொதிதான், மீனை மட்டும் எடுத்துட்டோம்"னாங்க.

கீழக்கரைப் பொண்ணு

அக்கா, இறக்கி வச்சு ஒரு நிமிஷம் விட்டுத்தான் எலுமிச்சம்பழம்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தித்தான் நான் சொல்லணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால நோன்பு நேரம். உம்மா உம்ராவுக்குப் போயிருந்தாங்க. நோன்பு திறந்துட்டுச் சாப்பிட மாமா வீட்டு ஆளுக சேர்த்து 22 பேர். கஞ்சி பள்ளிவாசல்ல இருந்து வந்துரும், ராத்திரிக்கு இடியாப்பமும் விளமீன் சொதியும்னு முடிவு பண்ணினேன். இடியாப்பம் நல்லா வந்துச்சு. சொதி கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன். அதோட விடாம, சூடு பத்தலையோன்னு மறுபடி ஒரு கொதி விட்டேன். கண் முன்னாலயே பால் திரி திரியாப் பிரிஞ்சு, மேல எண்ணெய், கீழ தண்ணி. மூணு கிலோ மீன் உள்ள கிடக்கு, நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு 20 நிமிஷம் இருக்கு. அழுகை வந்துருச்சு.

உம்மாவுக்கு வாட்ஸப்புல போட்டோ அனுப்பினேன். மக்காவுல இருந்தபடியே சொன்னாங்க: "அடுப்பை அணை. மீனை அகப்பையால தட்டுல எடுத்து வை. ரெண்டு ஸ்பூன் அரிசி மாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தி, லேசான தீயில கிண்டு." ஓரளவுக்குச் சேர்ந்துச்சு. பழைய வழவழப்பு வரல, ஆனா சாப்பிடலாம்கிற நிலைமைக்கு வந்துச்சு. தேங்காய்ப் பாலுல எண்ணெயும் தண்ணியும் ஒண்ணா நிக்குது. கொதி ஏறினாலும் சூட்டுல புளிப்பு பட்டாலும் அந்தப் பிடிமானம் விட்டுப் போகுது. இதை எனக்கு அதுக்கு முன்னால யாரும் சொல்லித் தரல, பார்த்துக் கத்துக்கோன்னே விட்டுட்டாங்க. அதான் இங்க எழுதுறேன்.

பெரிய கூட்டத்துக்கு நான் இப்ப நெய்ச்சோறும் தால்ச்சாவும்தான். தால்ச்சான்னா எலும்பு, பருப்பு, காய், மாங்காய் போட்ட குழம்பு. சீரகச் சம்பா அரிசியை அரை மணி நேரம் ஊற வச்சு வடிச்சு, ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்னேமுக்கால் டம்ளர் தண்ணி, அதுல பாதி தேங்காய்ப் பால். தால்ச்சாவை மதியமே செஞ்சு வச்சிரலாம், ராத்திரிக்கு இன்னும் ருசி ஏறும். சகன்ங்கிற பெரிய தட்டுல சோத்தைக் குவிச்சு, நடுவுல கறி வச்சு, சுத்தி உட்கார்ந்து ஒரே தட்டுல சாப்பிடுவோம். தட்டு கழுவுற வேலையும் குறையும், சின்னப் பிள்ளைக பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து வேணும்கிறதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். என் தம்பி மகன் எலும்புத் துண்டு எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்துத்தான் இடம் பிடிப்பான்.

இனிப்புக்குத் தொதல்னு ஆசைப்படாதீங்க. அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி போட்டு மணிக்கணக்காக் கிண்டணும், அது கடையில வாங்கிக்கலாம். வீட்டுல கடல்பாசி காய்ச்சுங்க. ஊற வச்சுத் தண்ணியில நல்லாக் கரையிற வரைக்கும் காய்ச்சி, பால், சீனி, ஏலக்காய் சேர்த்துத் தட்டுல ஊத்தினா ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். நம்ம பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடல்ல முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியில இருந்தும் இதே பசையைத்தான் எடுக்கிறாங்க. அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு ஒரு தடவை நேர்ல பார்த்ததுல இருந்து, தட்டுல ஒரு துண்டு மிச்சம் வைக்க எனக்கு மனசு வர்றதில்ல.

தங்கச்சிமடம்

எங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாரம் அவர்தான் சமைச்சார். படகுல வைக்கிற குழம்பு அது. தேங்காய் இல்ல, தாளிப்பும் இல்ல. புளியைக் கரைச்சு, மிளகாய் வத்தலும் பூண்டும் நசுக்கிப் போட்டு, உப்பு. கொதிக்கும்போது சூடை மீனை முழுசாப் போட்டு 10 நிமிஷம். கடைசியா ஒரு சொட்டு பச்சை எண்ணெய். பிள்ளைக ரெண்டும் சட்டியை வழிச்சுத் தின்னுச்சு. அதுக்குப் பிறகு வேலை நாள்ல எங்க வீட்டுல இந்தக் குழம்புதான். மீன் அன்னைக்கு வந்ததா இருக்கணும், அது ஒண்ணுதான் முக்கியம். செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கணும். வெளுத்திருந்தா மசாலாவை எவ்வளவு கூட்டினாலும் பிரயோசனம் இல்ல.

சாயல்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எங்கள் ஊரில் கடலும் பனையும் வத்தல் காடும் பக்கம் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கைக்கு எட்டாது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதும் அந்த 61 நாளில்தான். அப்போது எங்கள் வீட்டைக் காப்பாற்றுவது கருவாடும் மாங்காயும்.

என் அப்பத்தா காலத்தில் சீலாக் கருவாட்டைப் பானையில் போட்டுத் துணி கட்டி வைப்பார்கள். என் மனைவி இப்போது செய்வது இப்படி: கருவாட்டை வெந்நீரில் 10 நிமிடம் போட்டு, இரண்டு முறை அலசி எடுப்பது. கத்தரிக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, மசாலாவும் புளித்தண்ணீரும் விட்டுக் கொதித்த பிறகு கருவாடு, அதன் பிறகு மாங்காய்த் துண்டு. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். நான் ஒருமுறை முதலிலேயே போட்டு, 9 பேர் சாப்பிட வேண்டிய குழம்பைக் கொட்டும்படி ஆனது. அன்று பிள்ளைகள் மோர்ச்சோற்றோடு எழுந்து போனது இன்னும் மனதை உறுத்துகிறது.

மசாலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் மகள், அங்கே கடையில் வாங்கிய தூளில் குழம்பு நிறமே வரவில்லை என்றாள். நம் குண்டு வத்தலை அனுப்பினேன். உருண்டையாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாகப் பளபளப்பது. ராமநாதபுரம் முண்டு வத்தல் என்று 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான். வானம் பார்த்த கரிசலில், மழையை மட்டும் நம்பி விளைவது. ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ வத்தல், 50 கிராம் மிளகு, 50 கிராம் சீரகம், மஞ்சள் 50 கிராம். வத்தலைக் காம்போடு காயவைத்து, அரைக்கக் கொடுக்கும் அன்று காம்பு கிள்ளுங்கள். இந்தப் பொடி ஒரு டப்பா இருந்தால், ஆள் எத்தனை பேர் வந்தாலும் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

தொண்டிக்காரன், இப்ப ஷார்ஜா

ரூம்ல 6 பேர், ஆளுக்கு ஒரு நாள் சமையல். என் முறை புதன்கிழமை. ஊர் ஞாபகத்துல மார்க்கெட்ல கணவாய் பார்த்ததும் ரெண்டு கிலோ வாங்கிட்டேன். மசாலா வதக்கி, கணவாயைப் போட்டு, மூடி வச்சு 15 நிமிஷம். செருப்புத் தோல் மாதிரி ஆகிப்போச்சு. கூட இருக்கிற காக்கா (அண்ணனை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் ஒண்ணுமே சொல்லாம மென்னுக்கிட்டே இருந்தார், எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு.

உம்மாக்கிட்ட கேட்டதுக்கு, "எடுக்கிறதுன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல எடுத்துரு, இல்லாட்டி முக்கால் மணி நேரம் விட்டுரு. நடுவுல எடுத்தா ரப்பர்தான்"னு சொன்னாங்க. இப்ப ரெண்டாவது வழியைத்தான் பிடிச்சிருக்கேன். வளையமா வெட்டின கணவாயை மஞ்சள், உப்பு மட்டும் போட்டு அடுப்புல வச்சிருவேன், அதுவே தண்ணி விடும். அந்தத் தண்ணி வத்துற நேரத்துல குளிச்சுட்டு வந்துரலாம். பிறகு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, வத்தல் பொடியோட பிரட்டினா தொக்கு. இங்கத்த அரபு ரொட்டி குப்பூஸ்க்கும் சோத்துக்கும் சரியா இருக்கும். இப்ப புதன்கிழமைன்னா அந்தக் காக்காவே கணவாய் வாங்கிட்டு வந்துர்றார்.

ஏர்வாடி

நான் கூட்டத்துக்குச் சமைச்ச கதை இல்ல, எனக்குச் சமைச்சுப் போட்ட கதை. மகன் பிறந்து வீட்டுக்கு வந்த 5வது நாள், பக்கத்து வீட்டு மாமி பால் சுறா வாங்கி வந்து புட்டு செஞ்சு தந்தாங்க. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, தோல்ல இருக்கிற சொரசொரப்பு மணலைச் சுரண்டி, மஞ்சள் போட்டு வேகவச்சு, முள் நீக்கி, ரெண்டு கையாலயும் பிழிஞ்சு உதிர்த்தாங்க. நிறையப் பூண்டு, வெங்காயம், மிளகு. காரம் பேருக்குத்தான். எங்க பக்கம் பால் ஊறும்னு பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது. நான் கேட்டது பால் ஊறவா, பசிக்கான்னு எனக்கே தெரியாது, மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாமி போய் 2 வருஷம் ஆச்சு. இப்ப எங்க தெருவுல யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நான் ஒரு கிண்ணம் செஞ்சு கொண்டு போறேன்.

மண்டபம் மருமகள்

எல்லாத்தையும் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். அரிசி மாவு வைத்தியம் அவங்களுக்கே புதுசு. உப்பு கடைசியிலங்கிறதுக்கு மட்டும், "இதைச் சொல்லவும் வேணுமா?"ன்னாங்க. ஏர்வாடி அக்கா எழுதினதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அவங்களுக்கும் யாரோ செஞ்சு குடுத்திருக்காங்க போல.

ஆடி அமாவாசைக்கு 20 பேர் வர்றதாப் பேச்சு. தர்ப்பணம் முடிஞ்சு மறுநாள் இங்க தங்குறாங்க, அன்னைக்குக் கவிச்சி வைக்கலாம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் செய்யப் போறேன். கீழக்கரைத் தங்கச்சி, 20 பேருக்குப் பருப்பு எவ்வளவு? மாங்காய் கிடைக்கலைன்னா என்ன செய்யிறது?

கீழக்கரைப் பொண்ணு

துவரம்பருப்பு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, நெஞ்செலும்பு ஒன்றரைக் கிலோ அக்கா. கத்தரிக்காய் ஒரு கிலோ, வாழைக்காய் 4. மாங்காய் இல்லாட்டி புளியை ஒரு எலுமிச்சை அளவு கூட்டிக்கோங்க, எலும்பும் பருப்பும் நல்லா வெந்த பிறகு ஊத்துங்க, முதல்லயே ஊத்தினா பருப்பு சட்டுனு வேகாது. கடைசியில மல்லி, புதினா ஒரு கட்டு. கடலைப்பருப்பை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுருங்க.