முள்வால் உடும்புக்கு வளை நிற்க மாட்டேங்குது, மண் கலவை சொல்லுங்க

வணக்கம். லண்டனில் கூண்டிலேயே பிறந்த ஆஸ்திரேலிய முள்வால் உடும்பு, பெண். (இந்தியாவில் வாழும் உடும்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம், யாரும் முயல வேண்டாம்.) பெட்டி நாலடிக்கு ரெண்டடி. வெயில் காயும் கல்லில் 60 டிகிரி, மறுகோடியில் 26. அதெல்லாம் சரி.

சிக்கல் மண்ணில்தான். தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, 30 செ.மீ. ஆழம். தோண்டிய வளை ஒரே நாளில் சரிந்துவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் மேல் மண் மட்டும் நனைகிறது, அடியில் புழுதி. ஈரமில்லாததால் விரல்களில் பழைய சட்டை உரியாமல் மோதிரம்போல் இறுகி நிற்கிறது. விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். சினைப்பட்டால் முட்டையிட இடமில்லாமல் அடக்கிக்கொள்ளுமோ என்பது பெரிய பயம்.

களிமண் எத்தனை பங்கு சேர்க்கலாம்? மூலையில் குழாய் புதைத்து அடிமண்ணுக்கு நீர் விட்டவர்கள் அளவு சொல்லுங்கள், தயவுசெய்து.