ரேஞ்சில் நின்று நின்று போகும் .22 செமி-ஆட்டோ: ஸ்டேஷன் துருவா, தோட்டாவா?

மண்டபம் பட்டறை:
மண்டபத்தில் படகு என்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா வைத்திருந்த .22 செமி-ஆட்டோ ரைஃபிள், அவருக்குப் பிறகு லைசன்ஸ் என் பெயருக்கு மாறி என்னிடம் இருக்கிறது. 5 தோட்டா பிடிக்கும் மேகசின் இரண்டு. மாதம் ஒரு ஞாயிறு ரேஞ்சுக்குப் போவேன்.

போன ஞாயிறு 50 ரவுண்டு சுட்டதில் 11 தடவை நின்றுவிட்டது. என்ஜின் மிஸ் ஆனால் எப்படிக் குறித்துவைப்பேனோ அப்படியே குறித்தேன். 5 தடவை காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு) சேம்பரிலேயே, அதாவது தோட்டா உட்காரும் குழல் அறையிலேயே, ஒட்டிக்கொண்டது. சேம்பரை மூடும் போல்ட் மட்டும் பின்னால் போய் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் காலி கேஸின் முதுகில் முட்டியது. 3 தடவை கேஸ் வெளியே வந்தும் பறக்காமல், வாசலிலேயே போல்ட்டுக்கு நடுவில் சிக்கிச் செங்குத்தாக நின்றது. இன்னொரு 3 தடவை 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். முனையை இலக்கை விட்டு எடுக்காமல் 30 விநாடி காத்திருந்து வெளியே எடுத்தால், விளிம்பில் லேசாகப் பட்ட அடி. ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு அதே தோட்டாவை மறுபடி போட்டால் வெடிக்கிறது! பதினோராவது தடவை நின்றதும் அவரே "இன்றைக்குப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

என் சந்தேகம் இதுதான். தேர்தலுக்காக மார்ச்சில் ரைஃபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை முடிந்தும் உடனே போய் வாங்க முடியவில்லை. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில்தான் எல்லாப் படகு என்ஜினும் என் பட்டறைக்கு வரும். ஆக மூன்று மாதம் கேன்வாஸ் பையோடு ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. வாங்கும்போது குழல் முனையில் செம்புள்ளிகள். உள்ளேயும் அரித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வந்ததும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் தாராளமாக விட்டேன். தோட்டாவும் இந்த முறை புதுசு, போட்டிக்குப் போடும் நிதான வேகத் தோட்டா. முன்பு வேகமான ரகம் போடுவேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

தொண்டி:
வாயு ரெகுலேட்டரை ஒரு எண் திருப்பிப் பாருங்கள் அண்ணே. எஸ்.எல்.ஆர் என்ற ராணுவ ரைஃபிளில் அப்படித்தான் சரிசெய்வார்கள் என்று மாமா சொல்வார்.

தேவிபட்டினம் ஹவில்தார் (ஓய்வு):
தொண்டித் தம்பி, மாமா சொன்னது எஸ்.எல்.ஆருக்குச் சரி. அது 7.62, புகையை ஒரு சிலிண்டருக்குள் இழுத்து பிஸ்டனைத் தள்ளும். புகை குறைந்தால் போல்ட் முழுசாகப் பின்னால் போகாது, அதனால் ரெகுலேட்டரைத் திருப்புவோம். மண்டபம் தம்பியின் .22-ல் சிலிண்டரும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. சுட்டதும் காலி கேஸே பின்னால் உதைத்து போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட்டின் எடை, ஸ்பிரிங், தோட்டாவின் உதை, இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஓடும்.

அதனால் மண்டபம் தம்பி முதலில் தோட்டாவைப் பார்க்க வேண்டும். நிதான வேகத் தோட்டா விநாடிக்கு 325 மீட்டர் சுமாருக்குப் போகும், வேக ரகம் 380 பக்கம். உதை குறைந்தால் போல்ட் அரைகுறையாகப் போய்த் திரும்பும், கேஸ் வாசலில் நிற்கும். அந்த மூன்றுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அந்த ஆயில். ராஜஸ்தானில் மகாஜன் ரேஞ்சில் எங்கள் உஸ்தாத் (பயிற்சியாளர்) விரலால் தடவிப் பார்ப்பார், விரலில் எண்ணெய் தெரிந்தால் அன்றைக்கு ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். மணல் உள்ள ஊரில் எண்ணெய் என்பது பசை. உங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதம் இது, மணலுக்குப் பஞ்சமா? போதாக்குறைக்கு .22 குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சேம்பரில் மெழுகு, மருந்துக் கரி, உங்கள் டூ-ஸ்ட்ரோக் எல்லாம் சேர்ந்து கூழாகியிருக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சேம்பருக்கு நைலான் பிரஷ், பிறகு புல்த்ரூ கயிற்றில் (குழலுக்குள் விட்டு இழுப்பது) காய்ந்த துண்டுத் துணி. கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் பல்குச்சியால் சுரண்டுங்கள். கடைசியில் போல்ட் உரசும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு.

மேகசின்களுக்கு 1, 2 என்று பெயின்ட்டில் எழுதுங்கள். இரண்டு ரகத் தோட்டாவையும் இரண்டு மேகசினிலும் மாற்றிச் சுட்டு எழுதி வாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. என்ஜின்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபம் பட்டறை:
ஹவில்தார் ஐயா, சொன்னபடியே செய்தேன். சேம்பரிலிருந்து வந்த துணி கரித்துணி மாதிரி இருந்தது, வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் துரு வரவில்லை.

இன்று 40 ரவுண்டு. நிதான ரகம் 20: வாசலில் நின்றது 2, ஒட்டிக்கொண்டது 2, 'டிக்' 1. வேக ரகம் 20: வாசலில் நின்றது ஒன்றுகூட இல்லை, ஆனால் ஒட்டிக்கொண்டது 2, 'டிக்' 1. மேகசின் எதுவானாலும் ஒரே கதைதான். ஆக, வாசலில் நிற்பதற்குத் தோட்டா காரணம் என்பது சரி. ஒட்டிக்கொள்வதும் டிக்கும் மட்டும் எதற்கும் அசையவில்லை. உள்ளே அரித்துக் குழி விழுந்திருக்கும் என்றே இன்னும் தோன்றுகிறது. இரும்பு அரிப்பைப் பற்றிப் பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாதா?

கீழக்கரை:
அண்ணே, நான் என்.சி.சி.யில் .22 போல்ட் ரைஃபிளில் படுத்துச் சுட்டுப் பழகியவள். இரண்டு விஷயம் கேட்கிறேன், கோபப்படாதீர்கள்.

ஒட்டிக்கொண்ட காலி கேஸ்களை வைத்திருக்கிறீர்களா? ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். சேம்பர் அரித்திருந்தால் சொரசொரப்பு சுற்றிலும் பதிந்திருக்கும். அப்படி இல்லாமல், விளிம்பில் சுடும் பின் (ஊசி) அடித்த குழி இருக்கிறதே, அதற்கு நேர் கீழே மட்டும் நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கிறதா?

அப்புறம், வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகர் அடித்துப் பழகுவீர்களா?

மண்டபம் பட்டறை:
தங்கச்சி, 4 கேஸ் சட்டைப்பையில் இருந்தது. நாலிலும் அதே இடத்தில் கீறல், நகத்தில் தட்டுகிறது.

இரண்டாவது கேள்விக்கு, ஆமாம். ரைஃபிள் திரும்பி வந்ததிலிருந்து ராத்திரி பட்டறை சாத்தியதும் நூறு தடவையாவது. ஏர் ரைஃபிள்காரர்கள் அப்படிப் பயிற்சி செய்வதை வீடியோவில் பார்த்துத்தான் தொடங்கினேன். அதில் என்ன தப்பு?

கீழக்கரை:
அவர்கள் ரைஃபிளில் அதற்கென்றே தனி வசதி இருக்கும் அண்ணே. .22 விளிம்பில் அடி வாங்கும் தோட்டா. தோட்டா இருந்தால் பின் அடிப்பது பித்தளை விளிம்பை. இல்லாவிட்டால் பழைய ரைஃபிள்கள் பலவற்றில் அதே பின் சேம்பரின் வாயோரத்தில் போய் அடிக்கும். நூறு நூறாக அடித்தால் அங்கே இரும்பு நசுங்கிப் பிசிறாக உள்ளே பிதுங்கும். கேஸ் அதில் உரசித்தான் வெளியே வர வேண்டும். அதுதான் ஒட்டுகிறது.

'டிக்' வருவதும் அதனால்தான் இருக்கும். பிசிறு தடுப்பதால் தோட்டா முழுசாக உட்காரவில்லை. முதல் அடியின் வேகமெல்லாம் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடுகிறது. இரண்டாம் தடவை உட்கார்ந்த தோட்டாவில் அடி விழுவதால் வெடிக்கிறது. எங்கள் பயிற்சியாளர் காலி கேஸ் ஒன்றைப் போட்டுத்தான் டிரிகர் தொடவே விடுவார், அதையும் ஒவ்வொரு அடிக்கும் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்வார்.

தேவிபட்டினம் ஹவில்தார் (ஓய்வு):
சபாஷ் அம்மா. இது எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்.எல்.ஆரில் ஆயிரக்கணக்கில் வெறும் டிரிகர் அடித்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது. அதன் சுடும் பின் நடுத்துளை வழியாக வெளியே வரும், காற்றைத்தான் குத்தும். அந்தப் பழக்கத்தில் நான் இதைக் கேட்கவே இல்லை.

பட்டறைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இந்நேரம் உங்கள் கை ஊசி அரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். வேண்டாம்.

மண்டபம் பட்டறை:
ஐயா, அரம் மேஜை மேலேயே இருக்கிறது! வால்வு சீட்டில் பிசிறு எடுப்பது எனக்குத் தினப்படி வேலை. இதை ஏன் எடுக்கக் கூடாது?

தேவிபட்டினம் ஹவில்தார் (ஓய்வு):
வால்வு சீட்டை ஒரு நூல் கூடுதலாகத் தேய்த்தால் புதுசு போடலாம். இங்கே தேய்த்தால் சேம்பர் வாய் அகன்றுவிடும். .22 கேஸ் தகடு மாதிரி மெல்லியது, தாங்க இடமில்லாத பக்கம் உப்பும், கிழியும். கிழிந்தால் புகை உங்கள் முகத்துக்குத்தான் வரும். பிதுங்கிய இரும்பை வெட்டி எடுக்கக் கூடாது, வந்த இடத்துக்கே திருப்பித் தள்ள வேண்டும். அதற்கென்று வழவழப்பான கூம்பு மாதிரி ஒரு கருவி உண்டு. லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். போகும்போது லைசன்ஸ் புத்தகம் கையில் இருக்கட்டும்.

மண்டபம் பட்டறை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். சேம்பர் வாயில், பின் வரும் இடத்தில், உளியால் அடித்த மாதிரி ஒரு பள்ளம். "வீட்டில் யார் டிக் டிக் என்று விளையாடியது, பிள்ளைகளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கூம்பை உள்ளே விட்டுச் சுழற்றி அழுத்தினார், கால் மணி நேர வேலை. தோட்டா இப்போது விரலால் விட்டாலே தானாக உள்ளே இறங்கி விளிம்பு வரை உட்காருகிறது. பின்னின் முனையும் கொஞ்சம் சப்பையாகியிருந்தது, புதுசு மாற்றினார்.

இன்று 50 ரவுண்டு. ஒட்டிக்கொண்டது இல்லை, 'டிக்' இல்லை. நிதான ரகம் 25-ல் மட்டும் 2 தடவை வாசலில் நின்றது. அந்தப் பெட்டியைக் காலி செய்ததும் பழைய ரகத்துக்கே போய்விடுவேன்.

குழல் முனையில் இருந்த துருவும் மேலோட்டம்தான், ஒரு துடைப்பில் போய்விட்டது. அந்த ஸ்டேஷன் எழுத்தர் மேல் மூன்று மாதமாக வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரைஃபிள் இனிமேல் பீரோவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் அந்தக் கேன்வாஸ் பை பட்டறைக்கு வந்துவிட்டது, பழைய கியர் பாக்ஸ் ஒன்றை மூடிவைக்க.