10 வீல் லாரி: இடது பக்கம் உள்டயர் மட்டும் திரும்பத் திரும்ப வெடிக்குது, அவசரம்

திருச்செங்கோடு_10வீல்:
வணக்கம். 10 வீல் வண்டி. பின்னாடி ஜோடி ஜோடியா இருக்கிற டயர்ல, இடது பக்கம் உள்டயர் மட்டும் போகுது. ரெண்டு மாசத்துல ரெண்டு டயர். நேத்து ராத்திரி தொப்பூர் மலைப்பாதை இறங்கி முடிச்ச கொஞ்ச தூரத்துல போச்சு. மத்த டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காத்தும் சரியாத்தான் இருக்கு. கம்பெனி மாத்திப் பார்க்கணுமா, வேற எதாவது காரணமா? நாளைக்கு லோடு இருக்கு, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

பட்டறை_சேலம்:
எந்த ஆக்சில்? இன்ஜின் சுத்துற ஹவுசிங்கா, சும்மா உருளுற டம்மியா? டயர் சைஸ் என்ன, டியூப் உள்ளதா டியூப்லெஸ்ஸா? புதுசா, மேல் ரப்பரைப் புதுசா ஒட்டின ரீட்ரேடா? காத்து சரின்னா எத்தனை பவுண்டு, ஓடி வந்து பார்த்ததா, ஆறின பிறகு பார்த்ததா, கேஜ் வச்சுப் பார்த்ததா? கிழிஞ்சது எங்க? ரோட்டுல படுற பட்டன் பக்கமா, சைடா, டயர் உக்கார்ற இரும்பு டிஸ்க் ஓரமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் சரியான பதில் வந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துடும். கிழிஞ்ச டயரைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ஜல்லி_டிப்பர்:
ஜோடிக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கும் அண்ணா. குவாரி, சைட்டுக்குள்ள போற வண்டியா? கல்லு ரெண்டு சைடையும் அரைச்சுக்கிட்டே வரும், கடைசியில உள்டயர்தான் போகும். கயிறு கட்டியோ கம்பி விட்டோ கல்லை எடுத்துட்டுப் பாருங்க.

டயர்_ஆசான்:
இந்த மாதிரிக் கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வருது. தொப்பூர் இறங்கினதும் போச்சுன்னு நீங்களே எழுதிட்டீங்க, விடை அதுலயே இருக்கு. பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குது. உள்டயரோட டிஸ்க் டிரம்முக்கு மேலயே உக்காந்திருக்கு, காத்தோட்டமும் கிடையாது. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, பிரேக் இடைவெளியைச் சரிபண்ற ஸ்லாக் அட்ஜஸ்டரை அளவுக்கு மேல இறுக்கியிருந்தாலோ லைனிங் டிரம்மை விட்டு விலகாது. அந்தச் சூடு டிஸ்க் வழியா, டயரோட உள் ஓரமான பீடுக்கு ஏறும். டயர் கம்பெனியை மாத்துறதுக்கு முன்னாடி அடிப்படையைக் கத்துக்கணும் தம்பி.

பட்டறை_சேலம்:
பிரேக் சூடா இருக்கலாம், மறுக்கல. ஆனா அதுக்குத் தனி அடையாளம் உண்டு. சூட்டுல போன டயருக்குப் பீடு ஓரத்து ரப்பர் கெட்டியாகி, விரலால வளைச்சா நொறுங்கும். டியூப்பும், அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல போடுற ஃபிளாப்பும் டிஸ்க்கோட ஒட்டி, வெந்த மாதிரி இருக்கும். அது இல்லாம, சைடுல பாதி உயரத்துல ஒரே கோடா கிழிஞ்சு, டயருக்குள்ள இருக்கிற கம்பியோட நுனி வரிசையா துருத்திக்கிட்டிருந்தா கதை வேற. அது காத்து குறைவா ஓடின டயர். அதனாலதான் முதல்லயே எங்க கிழிஞ்சதுன்னு கேட்டேன்.

திருச்செங்கோடு_10வீல்:
மன்னிக்கணும், விவரம் விட்டுப்போச்சு. ஹவுசிங் டயர். 10.00 ஆர் 20, 16 பிளை, டியூப் டயர். வெளிடயர் புதுசா போட்டது, இப்ப பாதி தேஞ்சிருக்கு. உள்டயர் ரீட்ரேட், போன மாசம்தான் போட்டோம். சைடுலதான் கிழிஞ்சிருக்கு, ஒரு முழம் இருக்கும், கம்பி தெரியுது. உள்ளே கறுப்பா தூள் இருந்துச்சு. காத்து ராடால தட்டிப் பார்த்தோம், சத்தம் நல்லா இருந்துச்சு. குவாரி லோடு இல்ல, சிமெண்ட்.

பட்டறை_சேலம்:
கேட்டதெல்லாம் வந்துடுச்சு. அந்தக் கறுப்புத் தூள், காத்து குறைஞ்சு டியூப்பும் டயரோட உள்பக்கமும் ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சு உதிர்ந்த ரப்பர். சைடு கோடா கிழிஞ்சது கம்பி மடங்கி மடங்கி ஒவ்வொண்ணா முறிஞ்சதால.

ராடால தட்டுறது டயர் மொத்தமா இறங்கிடுச்சான்னு சொல்லும், அவ்வளவுதான். 120 பவுண்டுக்கும் 80 பவுண்டுக்கும் சத்தத்துல வித்தியாசம் காதுக்குக் கிடைக்காது. ஜோடியில ஒண்ணு குறைஞ்சாலும் வெளியில நின்னு பார்த்தா தெரியாது, பக்கத்து டயர் வண்டியைத் தாங்கிடும். ஆனா ரெண்டும் ஒரே அளவு அமுங்கித்தான் ஆகணும். காத்து குறைஞ்சது அதிகமா மடங்கிச் சூடாகும், நல்ல டயர் ரெண்டோட பாரத்தையும் சுமக்கும். அதனால இப்ப நல்லா இருக்கிற அந்த வெளிடயரையும் கழட்டி உள்ளே கை விட்டுப் பாருங்க.

உள்டயர் மவுத், அதாவது காத்து பிடிக்கிற வால்வு, எப்படி இருக்கு? வெளி டிஸ்க் ஓட்டை வழியா கேஜ் எட்டுதா?

திருச்செங்கோடு_10வீல்:
எட்டாது. அதனால மவுத்தை வெளியே நீட்ட எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டிருக்கு.

நாமக்கல்_டேங்கர்:
வெயில் காலத்துல 120 எல்லாம் வைக்கவே கூடாதுங்க. மே மாசம் வடக்கே போற வண்டிக்கெல்லாம் 100 வைப்போம். மத்தியானம் ஓடி வந்து நின்னதும் பார்த்தா 135, 140 காட்டும். அப்ப கொஞ்சம் இறக்கி விட்டுடணும், இல்லைன்னா வெடிக்காம என்ன செய்யும்?

பட்டறை_சேலம்:
ஐயா, இந்தப் பழக்கம் டயரைக் கொல்லும். சூட்டுல ஏறுற அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் டயரைச் செய்றாங்க. சைடுல எழுதியிருக்கிற அளவு ஆறின டயருக்கானது.

கணக்குப்பிள்ளை_லோடு:
கணக்கு போட்டுக் காட்டுறேன். காலையில 30 டிகிரி, ஆறின டயர், 120 பவுண்டு. வளிமண்டல அழுத்தம் 14.7 சேர்த்தா 134.7. ஓடி உள்காத்து 70 டிகிரி ஆச்சுன்னு வைங்க. வாயுக் கணக்குக்கு டிகிரியோட 273 கூட்டணும், 30 டிகிரி 303 ஆகும், 70 டிகிரி 343 ஆகும். 134.7 × 343 ÷ 303 = 152.5. அதுல 14.7 போனா கேஜ்ல கிட்டத்தட்ட 138. நீங்க பார்க்கிற 135, 140 இதுதான், இதுல கோளாறு எதுவும் இல்ல.

இப்ப 18 பவுண்டு இறக்கி 120 ஆக்குறீங்க. ராத்திரி ஆறினதும் அதே டயர் 104 காட்டும். மறுநாள் 104ல கிளம்புது, அதிகமா மடங்குது, முந்தின நாளை விடச் சூடாகுது. மத்தியானம் மறுபடி கேஜ் வச்சா மறுபடி இறக்கத் தோணும்.

பாரத்தையும் பாருங்க. இந்த டயருக்கு லோடு இண்டெக்ஸ், அதாவது தாங்குற பாரத்தைச் சொல்ற எண், 146/143 இருக்கணும், சைடுல படிச்சு உறுதி பண்ணிக்குங்க. ஜோடியா போட்டா ஒரு டயருக்கு 2725 கிலோ, அதுவும் முழுக் காத்துல. 2018 ஜூலையில ஆக்சில் பாரத்தை ஏத்தின பிறகு பின்னாடி ரெண்டு ஆக்சிலுக்கு 21 டன், எட்டு டயருக்குப் பிரிச்சா 2625. சட்டப்படி ஏத்தினாலே மிச்சம் வெறும் 100 கிலோதான். 100 பவுண்டு காத்துக்கு அந்த மிச்சமும் கிடையாது.

நாமக்கல்_டேங்கர்:
கணக்கு சரி சார். காலியா வர்ற வண்டிக்கு 120 வச்சா குதிக்குது, நடுப்பட்டன் தேயுது. அதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை_லோடு:
நடுவுல தேயுறது உண்மை. ஆனா போறப்ப லோடு, வர்றப்ப காலின்னு ஓடுற வண்டிக்கு லோடுக்கான காத்துதான் வைக்கணும். பட்டன் தேய்ஞ்சா ரீட்ரேட் பண்ணிக்கலாம், கம்பி முறிஞ்ச டயரை என்ன செய்ய முடியும்?

நைட்ரஜன்_நண்பன்:
எல்லாரும் நைட்ரஜனுக்கு மாறிட்டா இந்த ஏத்த இறக்கமே இருக்காதே.

கணக்குப்பிள்ளை_லோடு:
நைட்ரஜனும் வாயுதான், மேல போட்ட கணக்கு அதுக்கும் அப்படியே பொருந்தும். சாதாரணக் காத்துலயே முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன்தான். ஈரம் இல்லாததால டிஸ்க் துரு குறையும், அது நல்லதுதான். மவுத்துல ஒழுகுறதை நைட்ரஜன் நிறுத்தாது.

டயர்_ஆசான்:
தேவையில்லாத பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. பிரேக்கைப் பாருங்கன்னு சொன்னேன், இன்னும் யாரும் பார்க்கல.

பட்டறை_சேலம்:
பார்க்கட்டும், பத்து நிமிஷ வேலை. மத்த சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, கியர் நியூட்ரல், ஏர் முழுசா ஏறின பிறகு ஹேண்ட் பிரேக் எடுத்துட்டு, அந்தப் பக்கத்தை ஜாக்கில தூக்கிக் கையால சுத்துங்க. உரசாம சுத்தணும். ஒரு தடவை பிரேக் மிதிச்சு விட்டுட்டு மறுபடி சுத்துங்க, ஒட்டிக்கிட்டா கோளாறு ரிட்டர்ன் ஸ்பிரிங்லயோ, பிரேக்கை விரிக்கிற கேமோட புஷ்லயோ இருக்கும்.

சூடு அளக்கிற கன் இருந்தா, சமதரையில ஓடி நின்னதும் ஒரே ஆக்சில்ல ரெண்டு டிரம்மையும் அளங்க. ஒண்ணு ரொம்பச் சூடா இருந்தா உடனே அதுதான் கெட்டதுன்னு முடிவு பண்ணாதீங்க. எதிர்ப்பக்கத்து பிரேக் வேலையே செய்யாம, இது தனியா எல்லாத்தையும் இழுத்துக்கிட்டும் இருக்கலாம்.

ரீட்ரேட்_ரூம்:
யாரும் ஜோடி அளவைப் பத்திக் கேக்கல. வெளிடயர் பாதி தேஞ்சது, உள்ளே புதுசா ரீட்ரேட். அப்ப உள்டயர்தான் பெருசு, அதுதான் அதிகம் சுமக்குது. ரோடு நடு உயரமா, ஓரம் சரிவா இருக்கிறதால உள்டயருக்கு ஏற்கெனவே கூடுதல் பாரம். பெருசை உள்ளே போட்டது தப்பு, பெருசு வெளியே வரணும்.

9.00க்கு மேலான சைஸுக்கு ஜோடியில விட்ட வித்தியாசம் 12 மி.மீ.க்குள்ள இருக்கணும். பட்டன் ஆழத்துல 6 மி.மீ. வித்தியாசம் வந்தாலே விட்டத்துல 12 ஆயிடும். வெறும் 10 மி.மீ. வித்தியாசம்னாலும் சுத்தளவுல 31 மி.மீ. இந்த டயர் ஒரு கி.மீ.க்குச் சுமார் 310 சுத்து சுத்தும். ரெண்டு டயரும் ஒரே ஹப்புல கட்டியிருக்கிறதால கி.மீ.க்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் ஏதாவது ஒண்ணு தேஞ்சுக்கிட்டே வரணும்.

ரெண்டுக்கும் ஒரே காத்து வச்சு, கழட்டின டயரோட பட்டன் நடுவுல டேப் சுத்தி அளங்க. வண்டியிலயே பார்க்கணும்னா காலி வண்டியில நேரான சட்டத்தை ரெண்டு டயர் மேலயும் வச்சு இடைவெளியைப் பாருங்க.

ஜல்லி_டிப்பர்:
அப்ப கல்லு இல்லையா?

பட்டறை_சேலம்:
கல்லுன்னா வெளிப்பக்க ரப்பர்ல வட்டமா அரைச்ச தடம் இருக்கும், உள்ளே தூள் இருக்காது. இவருது அது இல்ல.

திருச்செங்கோடு அண்ணா, முக்கியமா ஒண்ணு. கழட்டும்போது வீல் நட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஜோடியில ரெண்டு டயருக்கும் மவுத்துல வால்வு பின்னை எடுத்துக் காத்தை முழுசா இறக்கிடுங்க. டயரை இரும்பு வளையம் பிடிச்சு வைக்கிற லாக் ரிங் டிஸ்க் இது, அழுத்தத்தோட அந்த வளையம் கழண்டா ஆளை அடிக்கும். இன்னொண்ணு, 120 வைக்க வேண்டிய டயர் 96க்குக் கீழ போயிருந்தா வண்டியில வச்சே காத்து ஏத்தாதீங்க. கழட்டி உள்ளே பார்த்து, சைடுல மெத்துன்னு இருக்கா, அலை மாதிரி மேடு இருக்கா, தூள் இருக்கான்னு தடவிப் பார்த்து, சந்தேகம் இல்லைன்னா மட்டும் இரும்புக் கூண்டுக்குள்ள வச்சு ஏத்தணும். கம்பி பாதி முறிஞ்ச டயர் காத்து ஏத்துறப்பதான் வெடிக்கும், பக்கத்துல நிக்கிறவர் தப்ப மாட்டார்.

புது டயர் போட்டா டியூப், ஃபிளாப் ரெண்டும் புதுசா போடுங்க. ஓடின டியூப் விரிஞ்சிருக்கும், புது டயருக்குள்ள மடிப்பு விழும், அந்த மடிப்புலயே ஒழுகும். மாட்டும்போது ரெண்டு மவுத்தும் நேரெதிரா வரணும், உள் மவுத் வெளி டிஸ்க் ஓட்டைக்கு நேரா நிக்கணும். 50, 100 கி.மீ. ஓடினதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வச்சு, வண்டியோட புத்தகத்துல சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்க.

டயர்_ஆசான்:
பிரேக் பார்த்தாச்சா இல்லையா?

திருச்செங்கோடு_10வீல்:
பார்த்தாச்சு. டிரம் ஃப்ரீயா சுத்துது. போன உள்டயருக்குப் பதிலா ராத்திரி மாட்டின ஸ்டெப்னியை 120 வச்சுத்தான் மாட்டினோம், காலையில கேஜ்ல 74. வெளி 118. வலது உள் 96. சோப்புத் தண்ணி விட்டா எக்ஸ்டென்ஷன் குழாய் மவுத்துல சேர்ற இடத்துல நுரை வருது. குழாய் மாத்தியாச்சு, டியூப்பும். கழட்டி உள்ளே பார்த்தோம், ஸ்டெப்னியில தூள் இல்ல. வலது பக்கம் குழாயையும் மாத்தச் சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் நன்றி, லோடுக்குக் கிளம்பணும்.

பட்டறை_சேலம்:
அப்ப ரெண்டு டயரையும் தின்னது அந்தக் குழாய்தான். குழாயோட மறுமுனையை வெளி டிஸ்க்குல கிளிப் போட்டு இறுக்கினீங்களா? ஆடுற குழாய்தான் ஒழுகும், புதுசும் அப்படியே போயிடும். வாரம் ஒரு தடவை காலையில, ஓடுறதுக்கு முன்னாடி, பத்துக்கும் கேஜ் வச்சு எழுதி வைங்க. ஒரே டயர் ரெண்டு வாரம் 4, 5 பவுண்டு குறைஞ்சா மேல காத்து பிடிச்சுக்கிட்டே போகாம கழட்டுங்க.

ரீட்ரேட்_ரூம்:
வலது பக்கம் 96ல ஓடினதையும் குழாயோட விட்டுடாதீங்க, அந்த டயரையும் கழட்டிப் பார்க்கணும். ஜோடி அளந்தீங்களா? இப்ப உள்ளே போட்ட ஸ்டெப்னிக்கு எத்தனை மி.மீ. பட்டன் இருக்கு?

ரீட்ரேட்_ரூம்:
மூணு நாளாச்சு. வண்டி திரும்பினதும் அந்த ரெண்டு அளவையும் போடுங்க, உள்ளே எது வெளியே எதுன்னு சொல்லிடலாம்.