மறு: ‘அவர்ட்டட் விஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் மங்கலான பொருளை நேரே பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்ப்பதுதான் ‘அவர்ட்டட் விஷன்’. அதற்கு இந்த இழையில் வந்த ‘விலக்குப் பார்வை’, ‘கடைக்கண் பார்வை’, ‘சிறக்கணிப்பு’ என்ற மூன்று சொற்களையும் போன வாரம் எங்கள் மாடியிலேயே சொல்லிப் பார்த்துவிட்டேன். தோவாளைப் பக்கம் நாங்கள் நடத்துவது சின்ன விண்ணோக்குக் கூடம். 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) ஒன்று, ஒரு தடவைக்குப் பத்துப் பேர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடங்கினால்தான் தொலைநோக்கி ஆடாமல் நிற்கும். அன்று அடங்கியிருந்தது. மங்கலாகத் தெரியும் சொம்பிரெரோ கேலக்ஸியைப் பிடித்துவைத்தேன்.

“பார்வையை விலக்குங்கள்” என்றதும் ஒருவர் கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸை விட்டுத் தலையையே எடுத்துவிட்டார். ஆகவே ‘விலக்குப் பார்வை’ வேண்டாம். ‘கடைக்கண் பார்வை’ அழகான சொல், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் கேட்டவர்கள் கருவிழியைக் கண்ணின் கோடிக்கே கொண்டுபோனார்கள். தெரிந்த வெளிச்சமும் போய்விட்டது. நமக்கு வேண்டிய விலகல் 10 பாகை, கூடிப்போனால் 15. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் 10 பாகை. அப்புறம் ‘சிறக்கணிப்பு’. குறள் 1095-இல் இருக்கும் வேர்தான், ஆனால் கண்ணைச் சுருக்குவது என்ற பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது. மங்கலான பொருளுக்குக் கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டுமே.

விழித்திரையின் நடுக்குழியில் இருப்பவை கூம்பு செல்கள். மங்கிய ஒளியில் அவற்றுக்கு வேலையில்லை. அந்த ஒளியை வாங்கும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி, எல்லாம் குழிக்கு வெளியேதான். அதனால்தான் நேரே பார்த்தால் மறைகிறது, தள்ளிப் பார்த்தால் துலங்குகிறது. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதும் முக்கியம். வலக்கண்ணால் பார்ப்பவர் வலப்பக்கம், இடக்கண்ணால் பார்ப்பவர் இடப்பக்கம். அதாவது மூக்கைவிட்டு விலகி. மாற்றிச் செய்தால் பொருள் விழித்திரையில் ஒளியே உணராத குருட்டுப்புள்ளியில் விழுந்துவிடலாம்.

அன்று பேரனோடு ஓர் ஆச்சி வந்திருந்தார். “ஒண்ணையும் காணல்லியே மக்கா” என்றார் முதலில். சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு கையால் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நேரே பாத்தா ஒளிஞ்சிருது, ஓரமாப் பாத்தா வருது” என்றார்.

அந்த ‘ஓரம்’ போதும். என் பரிந்துரை ‘ஓரநோக்கு’. ‘ஓரப்பார்வை’ என்றே சொல்லலாமே என்றால், அது கண்ணுக்கு எப்போதும் இருக்கிற பக்கவாட்டுப் பார்வை. நாம் ஒன்றும் செய்யாமலே நடப்பது. நோக்குவது அப்படியல்ல, அதில் குறி இருக்கிறது. இங்கே கவனம் முழுக்கப் பொருளின்மேல், விழி மட்டும் பக்கத்தில். ‘ஓரவஞ்சனை’ நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கரையோரம், ரோட்டோரம் என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பொருள் முந்திக்கொண்டு வராது என்றே நம்புகிறேன்.

கண் இருட்டுக்குப் பழகுவதான ‘டார்க் அடாப்டேஷ’னுக்கு இந்த இழையில் முன்மொழிந்த ‘இருள்பழக்கம்’ சரி. 20, 30 நிமிடம் சிவப்பு விளக்கில் காத்திருக்கிறவர்களுக்கு அது சொன்னவுடனே விளங்குகிறது.

வானம் தெளிந்திருந்தால் சனிக்கிழமை அடுத்த குழு வருகிறது. ‘ஓரநோக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை பேருக்குக் கேலக்ஸி பிடிபட்டது என்று எழுதுகிறேன்.