உதவி தேவை: ‘காடு’ என்று பதிவான நிலத்தில் வகுப்பறை கட்ட அனுமதி பெறுவது எப்படி?

கேள்வி (பெற்றோர், பந்தலூர் வட்டம், நீலகிரி மலைப்பகுதி):
வணக்கம். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பழுதடைந்திருந்த இரண்டு ஓட்டு வகுப்பறைகளைச் சென்ற ஆண்டு இடித்துவிட்டதால், ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் எஞ்சிய ஒரே அறையில் அமர்கிறார்கள். புதிய கட்டடம் வேண்டிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை அனுப்பினோம். நிலம் பதிவேட்டில் ‘காடு’ என்றிருப்பதால் கட்டடச் செலவு மதிப்பீடு தயாரிக்க இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்டால் இந்தத் தடை நீங்குமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பொறியாளர், கோத்தகிரி):
நீங்காது, ஐயா. தொகுதி நிதியானாலும், ஊர்மக்களும் பங்கு செலுத்தும் ‘நமக்கு நாமே’ ஆனாலும், 2022இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமானாலும், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்ற வரிசையில்தான் கோப்பு நகரும். நிலத்தின் நிலை தெளிவாகாமல் முதற்படியையே தாண்டாது.

உங்களுக்கு உரிய வழி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் இருக்கிறது. அரசு நடத்தும் பள்ளி, அங்கன்வாடி போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்த அப்பிரிவு இடமளிக்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கட்டடம் கட்டும் துறைதான் விண்ணப்பிக்க வேண்டுமே தவிர, பெற்றோர் அல்லர். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். வனச்சரகர் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை அளித்த பின், மாவட்ட வன அலுவலர் முடிவெடுப்பார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஜனவரி 26 கிராம சபையில் கட்டடம் வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். அது போதுமா?

மறுமொழி 2 (ஆசிரியர், கூடலூர்):
பெரும்பாலும் போதாது. 3(2) பிரிவைச் சுட்டி, நிலத்தின் அளவையும் வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கையையும் சொல்லி, உறுப்பினர்களில் பாதிப் பேராவது கலந்துகொண்ட கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானமாக அது இருக்க வேண்டும். எங்கள் ஊரில் வருகைப் பதிவேட்டில் கையொப்பங்கள் குறைந்ததால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. தேயிலை பறிக்கும் நாளில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்?

மறுமொழி 1:
இன்னொன்று: மதிப்பீடு போடும்போது தடுப்புச் சுவரையும் மழைநீர் வடிகாலையும் தனி இனங்களாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சமவெளிக்கான மாதிரி மதிப்பீட்டை அப்படியே சரிவான இடத்துக்கு எடுத்தால், அடித்தளத்திலேயே பணம் தீர்ந்து, கூரைக்குத் திருத்திய மதிப்பீடு கேட்டு மீண்டும் காத்திருக்க நேரிடும்.